கைப்பேசிக்குள் கூடும் சாதிப் பஞ்சாயத்து

சாதி மாறிக் காதலிக்கும் பெண்ணின் வீட்டில் முதலில் பறிக்கப்படுவது அவளுடைய கைப்பேசிதான். அடுத்து கல்லூரி நிற்கும். அதற்கடுத்து அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இந்த வரிசை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பறிக்கப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்தக் கைப்பேசி வேறொருவர் கைக்கும் போயிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அவளுக்கு வரும் குறுஞ்செய்தி அண்ணனின் கைப்பேசியிலும் ஒலிக்கும். அவளுடைய வாட்ஸ்அப் உரையாடல் சித்தப்பா வீட்டுக் கணினியிலும் ஓடும். அவள் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். இதைத் 'தொழில்நுட்பப் பிரச்சினை' என்று ஒதுக்கிவிட்டு சாதி ஒழிப்பைப் பேச முடியாத காலத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

அகமணத்தின் புதிய காவலாளி

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையில், சாதியின் உயிர்நாடி அகமண முறையே என்று நிறுவினார் அண்ணல் அம்பேத்கர். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டால்தான் அது சாதியாக நீடிக்கும். அப்படி நீடிக்க வேண்டுமானால் பெண்ணின் உடலும் விருப்பமும் அந்தக் குழுவின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தைத் திருமணமும் அந்தக் கட்டுப்பாட்டுக்கான கருவிகள் என்று அவர் விளக்கினார். அந்தக் கருவிகளைச் சட்டம் தடை செய்தது. கட்டுப்பாட்டின் தேவை மட்டும் அப்படியே நின்றது. தேவை இருக்கும்வரை புதிய கருவி வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தத் தொடர்பை நாம் கற்பனை செய்துகொள்ளவில்லை. சாதிப் பஞ்சாயத்துகளே எழுதி வைத்திருக்கின்றன. 2016-இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உள்ள சூரஜ் என்னும் கிராமம், திருமணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருக்கத் தடை விதித்தது. 2019 ஜூலையில் அதே மாநிலத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் 12 கிராமங்களைச் சேர்ந்த தாக்கூர் சமூகத்தினர் கூடி அதே தடையைப் போட்டார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. பிள்ளைகள் சாதி மாறி மணம் செய்தால் பெற்றோருக்கு அபராதம்! கைப்பேசித் தடையும் கலப்புமணத் தடையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளாக இடம்பெற்றன. எது எதற்காக என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் யாரும் அப்படி வெளிப்படையாகத் தீர்மானம் போடுவதில்லை. பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள், திருப்பூர், ஓசூர் என்று வேலைக்குப் போகிறார்கள். கைப்பேசி இல்லாமல் வருகைப் பதிவும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆகவே இங்கே தடைக்குப் பதிலாகக் கண்காணிப்பு வந்திருக்கிறது. 'போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்' என்ற பெருமைக்குப் பின்னால் அந்தப் போனின் சிம் அட்டை அப்பா பெயரில் இருக்கும், கூகுள் கணக்கின் கடவுச்சொல் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

எப்படி நடக்கிறது?

இதில் மாயம் ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

குறுஞ்செய்தி என்பது அனுப்புபவரிடமிருந்து நேராகப் பெறுபவருக்குப் போவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மையக் கணினிக்குப் போய், அங்கே சற்று நேரம் இருந்து, பின்புதான் நம் கைப்பேசிக்கு வருகிறது. வழியில் அதற்குப் பூட்டு கிடையாது. வந்து சேர்ந்த பிறகும் அது பாதுகாப்பாக இல்லை. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி பெற்ற எந்தச் செயலியும் அவற்றை இன்னொரு எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ தானாகவே அனுப்பிவிட முடியும். கடைக்கு வரும் பணப் பரிமாற்றச் செய்திகளை முதலாளியும் ஊழியரும் சேர்ந்து பார்ப்பதற்காக இத்தகைய செயலிகளைப் பலர் நேர்மையாகவே பயன்படுத்துகிறார்கள். அதே செயலியை ஒரு பெண்ணின் கைப்பேசியில் அவளுக்குத் தெரியாமல் நிறுவ, அது ஐந்து நிமிடம் கையில் கிடைத்தால் போதும்.

ஆபத்து அவள் செய்திகளைப் படிப்பதோடு முடிவதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் எனப்படும் ஓடிபியும் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அது இன்னொருவருக்குப் போனால் அவளுடைய மின்னஞ்சல், முகநூல், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் சாவி போய்விட்டது என்று பொருள். அவள் சேர்த்து வைத்த சம்பளப் பணமும் அதில் அடங்கும்.

அழைப்பைத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் வேறு. அது அழைப்புகளை மட்டுமே திருப்பும், குறுஞ்செய்திகளைத் திருப்பாது. இதை வைத்து மோசடிகள் பெருகியதால், எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பும் யுஎஸ்எஸ்டி வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் கைப்பேசியின் அமைப்புகளுக்குள் இருக்கும் அதே வசதியைக் கண்டுகொள்பவர்கள் குறைவு.

வாட்ஸ்அப்பில் போகும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது. 2016 ஏப்ரல் முதல் அது முனைக்கு முனை பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் பூட்டால் என்ன பயன்? 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னும் வசதி மூலம் ஒரு கணக்கை மேலும் நான்கு கருவிகளில் திறக்கலாம். திரையில் தெரியும் கட்டத்தை ஒருமுறை படம் பிடித்தால் முடிந்தது. அதன்பின் அவள் கைப்பேசி அணைந்திருந்தாலும் மற்ற கருவியில் உரையாடல் தெரியும். குறுஞ்செய்திச் செயலிகளிலும் இதே மாதிரி கணினியோடு இணைக்கும் வசதி உண்டு. ஐபோனில் குறுஞ்செய்திகளைத் தன் பிற கருவிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அமைப்புகளிலேயே இருக்கிறது. கூகுள் கணக்கு வேறொருவர் கையிலும் இருந்தால் அவள் இருக்கும் இடமும் எடுத்த புகைப்படமும் அவருக்குத் தெரியும்.

இதற்கு மேல் 'பிள்ளைகள் பாதுகாப்பு' என்ற பெயரில் விற்கப்படும் உளவுச் செயலிகள் இருக்கின்றன. திரையில் சின்னம்கூடத் தெரியாமல் ஒளிந்து இயங்குபவை அவற்றில் பல. இவற்றை நிறுவ வெளிநாட்டு ஹேக்கர் யாரும் தேவையில்லை. 'போன் மெதுவாக இருக்கிறது, சரிபண்ணித் தருகிறேன்' என்று வாங்கிப் போகும் மாமா பையன் போதும்.

ஒரு ஃபார்வர்டு செய்யும் வேலை

வீட்டுக்குள் பிடிபட்ட செய்தி வீட்டோடு நிற்பதில்லை. ஒரு புகைப்படமோ உரையாடலின் திரைப்பதிவோ சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. 'நம்ம பொண்ணு' என்ற இரண்டு சொற்களோடு அது மாவட்டம் தாண்டுகிறது. முன்பு ஒரு காதல் இணை ஊரை விட்டு வெளியேறினால் அடுத்த மாவட்டத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது. இன்று பேருந்து நிலையத் தேநீர்க் கடைக்காரரின் கைப்பேசியிலும் அவர்கள் முகம் இருக்கக்கூடும். ஊர்ப் பஞ்சாயத்துக்கு எல்லை இருந்தது. ஃபார்வர்டுக்கு இல்லை.

ஃபார்வர்டு கொலை செய்யும் என்பதை இந்த நாடு பார்த்துவிட்டது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராட்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐந்து பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். அந்த ஐந்து பேரும் யாசகம் செய்து பிழைக்கும் நாடோடிச் சமூகத்தினர். வதந்தி எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒன்றுபோலத்தான் போகிறது. அடி விழுவது மட்டும் சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர்கள் மீதும், ஊருக்கு அந்நியர்கள் மீதும்தான். இந்தக் கொலைகளுக்குப் பிறகே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் சாதிக் குழுவும் அந்தக் கணக்கில் ஒரே ஓர் உரையாடல்தான்.

2015-இல் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். சாதிக் குழுக்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டாடின. காவல்துறை தேடிக்கொண்டிருந்த ஒருவரின் குரல் மாநிலம் முழுக்க ஒலித்தது. 2022 மார்ச்சில் அவர் உட்பட பத்துப் பேருக்கு மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு அந்த வழக்கின் முக்கியச் சான்று. இங்கே கேமரா கொலையாளிக்கு எதிராகப் பேசியது. வாட்ஸ்அப் கொலையாளிக்காகப் பேசியது. கருவி யார் கையில் என்பதே கேள்வி.

நம் கையிலும் அது இருந்திருக்கிறது. 2016 ஜூலையில் ஊனாவில் மாட்டுத்தோல் உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தவர்கள், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அதே காணொளி பல்லாயிரம் பேரைத் தெருவுக்கு இழுத்து வந்தது. 2018 ஏப்ரல் 2 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்புக்கு எதிராக நடந்த நாடு தழுவிய முழு அடைப்பில் பெரிய கட்சி எதுவும் முன்னே நிற்கவில்லை. கைப்பேசிகளில் கைமாறிய அழைப்புகளே பெருங்கூட்டத்தைச் சேர்த்தன.

காவல் நிலையம் யாருக்காகத் தேடுகிறது?

பெண் வீட்டைவிட்டு வெளியேறியதும் குடும்பம் கொடுக்கும் புகார் பெரும்பாலும் 'மகளைக் காணவில்லை' அல்லது 'கடத்திவிட்டார்கள்' என்பது. அந்தப் புகாரோடு அரசின் கண்காணிப்புக் கருவி குடும்பத்தின் சேவைக்கு வந்துவிடுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. யார் யாருக்குப் பேசினார், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் அருகிலிருந்து, எந்தக் கருவியிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். சிம் அட்டையை மாற்றி அதே கைப்பேசியைப் பயன்படுத்தினாலும் கருவியின் எண் காட்டிக்கொடுத்துவிடும். சட்டப்படி இந்தப் பதிவை உயரதிகாரி வழியாகத்தான் பெற வேண்டும். ஆனால் 2018-இல் மகாராட்டிரத்தின் தானே காவல்துறை, அழைப்பு விவரங்களைக் காசுக்கு விற்ற கும்பலைப் பிடித்தபோது தனியார் துப்பறிவாளர்களும் சிக்கினார்கள். காசு கொடுத்தால் கிடைக்கும் பொருள், சாதிச் சொந்தம் கேட்டால் கிடைக்காமலா போகும்?

காணாமல் போனவரைத் தேடுவது காவல்துறையின் கடமைதான். அவர் வயது வந்தவர், தன் விருப்பத்தில் சென்றிருக்கிறார் என்று தெரிந்த நொடியில் அந்தத் தேடல் முடிந்துவிட வேண்டும். இருக்குமிடத்தைப் புகார் கொடுத்தவரிடம் சொல்ல எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர் தன் விருப்பப்படி மணந்து, திருமணச் சான்றிதழைப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதற்குப் பிறகும் விசாரணை அதிகாரி அவரை ஊர்க் காவல் நிலையத்துக்கே வரும்படி நெருக்கினார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரியைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தீர்ப்பு அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலையே எடுத்துக்காட்டி, சாதி கடந்த மணமே தீர்வு என்றது. தீர்ப்பு வந்தும் காவல் நிலைய வாசலில் உறவினர் கூட்டம் காத்திருக்கும் காட்சி மாறவில்லை.

அரசின் காது

வீட்டில் கேட்கும் காதும் அரசின் காதும் ஒன்றுக்கொன்று உறவுதான். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் ஆங்கிலேயன் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள எழுதியது. 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்கு வரைமுறை விதித்தது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அடிப்படை மாறவில்லை. ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் அரசு அதிகாரி. அது சரியா என்று பரிசீலிக்கும் குழுவிலும் அரசு அதிகாரிகள். நீதிபதிக்கு அங்கே இடமில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அது தெரிவிக்கப்படுவதும் இல்லை.

யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதற்கு பீமா கோரேகான் வழக்கு சாட்சி. பேஷ்வா படையை வென்ற மகர் வீரர்களை நினைவுகூரக் கூடியவர்கள் மீது 2018 சனவரி 1 அன்று தாக்குதல் நடந்தது. சிறைக்குப் போனவர்களோ எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள். ரோனா வில்சனின் கணினிக்குள் உளவு மென்பொருள் வழியாகக் கோப்புகள் புதைக்கப்பட்டதாக அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021-இல் அறிக்கை தந்தது. தோழர் ஆனந்த் தெல்தும்ப்டே, தன் கைப்பேசி பெகாசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டதாக 2019-இலேயே வாட்ஸ்அப் நிறுவனத்தால் எச்சரிக்கப்பட்டவர்களில் ஒருவர். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில் அவர் சிறை புகுந்தார். பெகாசஸ் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஆய்வு செய்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகச் சொன்னது. அது பெகாசஸ்தானா என்பதை உறுதிப்படுத்த இயலவில்லை. ஒன்றிய அரசு அந்தக் குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை.

'பாதுகாப்புக்குத்தானே?'

பெற்றோர் கேட்பார்கள்: இணையத்தில் இவ்வளவு மோசடி நடக்கிறதே, பெண் பிள்ளையின் போனைப் பார்ப்பது தவறா? பொள்ளாச்சியை மறந்துவிட்டீர்களா?

பொள்ளாச்சியை நாம் மறக்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. இத்தகைய கும்பல்களின் ஆயுதம் கேமரா மட்டுமல்ல. 'வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்' என்ற ஒற்றை மிரட்டல்தான் அவர்களின் பெரிய ஆயுதம். வீடு தன்னை நம்பும், தன் பக்கம் நிற்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் அந்த மிரட்டலுக்குப் பல் இல்லை. கண்காணிக்கும் வீடு மிரட்டுபவனுக்கு வலிமை சேர்க்கிறது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த ஒன்பது பேரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தானே? எந்த வீட்டில் ஆண் பிள்ளையின் கைப்பேசி சோதிக்கப்பட்டது? பாதுகாப்புதான் நோக்கம் என்றால் சோதனை அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாக வரையறுக்கிறது. முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. அப்பா, அண்ணன் என்று அதில் விலக்கு எழுதப்படவில்லை. 'சூழ்நிலையில் நியாயமான செயல்' என்று வாதிட ஒரு வழி விடப்பட்டிருக்கிறது. வயது வந்த மகளின் சாதி மாறிய காதல் அந்த நியாயத்துக்குள் வராது என்று நீதிமன்றங்களில் நிறுவ வேண்டியது நம் வழக்கறிஞர்களின் வேலை. அனுமதியின்றி இன்னொருவர் கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலும் குற்றம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வோர் இளைஞருக்கும் இது தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல், குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி பெற்ற செயலிகள், அழைப்புத் திருப்பல், கூகுள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது, இருப்பிடப் பகிர்வு ஆகிய ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உளவுச் செயலியைக் கண்டதும் அழித்துவிடக் கூடாது. அழித்த அந்த நிமிடமே கண்காணிப்பவருக்குத் தெரிந்துவிடும், உயிருக்கு ஆபத்து நெருங்கலாம். முதலில் வேறொரு கைப்பேசியால் அதைப் படம் பிடித்து வையுங்கள். நம்பகமான தோழரிடம் சொல்லுங்கள். பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு மற்றதைச் செய்யலாம். வெளியேறும் திட்டத்தைக் கண்காணிக்கப்படும் கைப்பேசியில் ஒருபோதும் பேச வேண்டாம். புதிய சிம்மோடு புதிய கருவியும் வேண்டும். பழைய கணக்கைப் புதிய கருவியில் திறக்கவும் கூடாது.

இரண்டாவது, சாதிக் குழுக்களில் வரும் மிரட்டல்களை எண்ணோடும் தேதியோடும் சேமித்து வைக்க வேண்டும். சமூகப் புறக்கணிப்புக்கு அறைகூவல் விடுவதும், பட்டியல் சாதியினர் மீது வெறுப்பை மூட்டுவதும் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றங்கள். வாயால் சொன்னதை மறுக்கலாம். எழுதி அனுப்பியதை எளிதில் மறுக்க முடியாது.

மூன்றாவது, காதல் இணையரின் படத்தை 'எச்சரிக்கைக்காக', 'உதவிக்காக' என்று நாமே பரப்பக் கூடாது. நல்ல எண்ணத்தோடு அனுப்பிய ஃபார்வர்டும் தேடுபவர்களுக்கு வழிகாட்டும்.

நான்காவது, அரசிடம் கேட்க வேண்டியது. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களைப் பற்றிச் சொன்னது. இவை உங்கள் மாவட்டத்தில் இயங்குகின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். சாதி ஆணவக் குற்றங்களுக்கான தனிச் சட்டத்தில், வயது வந்தவரின் கைப்பேசியைக் கண்காணிப்பதும், அழைப்பு விவரங்களைக் குடும்பத்திடம் கசியவிடும் காவலர் செயலும் தனிக் குற்றங்களாக இடம்பெற வேண்டும்.

ஒரு பெண் யாரோடு பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள், அவள் பேச்சில் தங்கள் சாதியின் முடிவைக் கேட்கிறார்கள். அந்த அச்சம் சரியான அச்சம்தான். அவள் அச்சமின்றிப் பேசட்டும்.